உரசாத புளியங்கொட்டை

குருவுக்கு முப்பத்தாறு வயது. சீடருக்கு அறுபத்திரண்டு. அதில் யாருக்கும் சங்கடம் இல்லை, சீடருக்குத்தான் கொஞ்சம்.

சீடர் பெயர் வைத்தியலிங்கம். பத்திரப் பதிவு ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மடத்துக்கு வந்த அன்றே, "லட்சம் ஜபம் முடிச்சிடறேன். தைப் பௌர்ணமிக்குக் காவி கொடுத்துடுங்கம்மா" என்றார். குரு முத்தரசி சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. சரி என்று இவரே எடுத்துக்கொண்டார்.

நூறு ஜபத்துக்கு ஒரு புளியங்கொட்டை. பானையில் போட்டு வந்தார். ஆயிரம் சேர்ந்தால் லட்சம். தொள்ளாயிரத்து எழுபது சேர்ந்துவிட்டது.

பௌர்ணமிக்கு மூன்று நாள் இருக்கும்போது பார்த்தால், பானை காலி.

கொல்லையில் சமையல்காரர் பிள்ளைகள் கடை வைத்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். பானையில் இருந்தது முழுக்க அங்கே பணமாகக் கைமாறிக்கொண்டிருந்தது.

வைத்தியலிங்கம் நேராகக் குருவிடம் போனார். முத்தரசி புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, என் ஜபத்தையெல்லாம் எடுத்துட்டுப் போய் மண் இட்லி வாங்கிட்டிருக்குதுங்க!"

குரு பக்கத்தில் கிடந்த குவியலைக் காட்டினார். "இதுல எண்ணி எடுத்துக்குங்க."

"இது செல்லாதும்மா. இதுல ஜபம் ஏறலையே."

"அப்ப இதைக் கொடுத்து அதை மாத்திட்டு வாங்க."

வேட்டி மடியில் அள்ளிக்கொண்டு போனார். கடைக்காரி பொற்கிளிக்கு எட்டு வயது. ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"செல்லாது தாத்தா."

"ஏன்?"

"உரசவே இல்லையே. ஒரு பக்கம் வெள்ளையா இருந்தாத்தான் பணம். இல்லேன்னா ஆளாளுக்குச் சமையக்கட்டுல அள்ளிட்டு வந்துருவாங்க, உங்கள மாதிரி."

"என்னோடதையுமா உரசிட்டீங்க?"

"பின்னே? கையே தேஞ்சு போச்சு."

"அது பணமில்ல பாப்பா. ஜபம்! ஒவ்வொண்ணும் நூறு தடவை சாமி பேரு!"

பொற்கிளியின் தம்பி மாசி எட்டிப் பார்த்தான். "நூறு தடவைக்கு எத்தனை இட்லி?"

"போடா. நேத்து ஒண்ணுக்கு ரெண்டு இட்லி. இவர் பானை வந்ததுல இருந்து ஒரு இட்லி இருபதுக்கு ஏறிருச்சு. எல்லார் கையிலயும் பணம். கடை நடத்தவே முடியல" என்றாள் பொற்கிளி.

வைத்தியலிங்கம் திரும்பி வந்தார். மடியில் இருந்ததைக் குவியலிலேயே கொட்டினார்.

"மாத்தித் தர மாட்டேங்குதுங்கம்மா."

குரு அடுத்த புளியை எடுத்தார்.

"மூணு நாள்தான் இருக்கு. அப்ப என் காவி?"

"அந்தக் கடையில கேட்டீங்களா ஐயா, அது என்ன விலைன்னு?"