குதிரில் வைத்த டாக்டரம்மா

"இப்பவே டாக்டருங்களைச் சேர்த்து வைக்கலேன்னா, நம்ம பேரப்பிள்ளைங்க காலத்துல ஊசி போடக்கூட ஆள் இருக்காது."

பக்கத்து நாட்டுச் சந்தையில், டீக்கடை பெஞ்சில் யாரோ யாரிடமோ சொன்னது இது. அவர்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து பஜ்ஜி தின்றுகொண்டிருந்த பொன்னுரங்கத்தின் காதில் விழுந்தது. பொன்னுரங்கம் அசமந்தூர் நாட்டின் தலைவர். பாதி பஜ்ஜியைத் தட்டிலேயே விட்டுவிட்டு ஊருக்குக் கிளம்பிவிட்டார்.

அசமந்தூரில் மொத்தமே ஒரு டாக்டர்தான். சௌந்தரவல்லி என்று பெயர், எல்லோருக்கும் டாக்டரம்மா. காலையில் காய்ச்சல், மத்தியானம் பிரசவம், சாயங்காலம் தென்னைமரத்திலிருந்து விழுந்தவர்கள் என்று ஓடிக்கொண்டே இருப்பார். இத்தனை நாளும் பொன்னுரங்கம் அதைப் பெருமையோடு பார்த்து வந்தார். இப்போது கணக்குப் போட்டுப் பார்த்தார். இருப்பதே ஒரு டாக்டர். அவரையும் ஆளாளுக்குச் செலவழித்துக்கொண்டிருக்கிறார்கள்.

உடனே சபை கூடியது. சபை என்றால் தலைவரோடு இரண்டு பேர். விதைநெல்லுக்குப் பொறுப்பான சடையாண்டி, அளப்பதற்குப் பொறுப்பான மயிலாத்தாள்.

அடுத்த வருஷத்துக்கு நெல் வேண்டுமென்றால் என்ன செய்கிறோம் என்று கேட்டார் தலைவர். விதைக்கென்று எடுத்துக் குதிரில் போட்டு மூடிவிடுவோம், பசித்தாலும் தொடமாட்டோம் என்றார் சடையாண்டி. அப்படியானால் வழி தெரிந்துவிட்டது என்றார் தலைவர்.

சடையாண்டிக்கு ஒரே ஒரு கவலை. "விதையை முதல்ல உப்புத்தண்ணியில போட்டுப் பார்க்கணும் தலைவரே. மிதந்தா பதரு."

"அந்தம்மாவுக்கு நீச்சல் தெரியுமே," என்றாள் மயிலாத்தாள். "மிதந்துட்டா வேற டாக்டருக்கு எங்க போறது?"

நெடுநேரம் யோசித்து, உப்புத்தண்ணீரைத் தள்ளுபடி செய்தார்கள்.

ஊர்ப் பொதுக்குதிர் இரண்டு ஆள் உயரம். மண்ணால் செய்தது. மேலே மூடி, அடியில் நெல் எடுக்க ஒரு துளை, அதில் வைக்கோல் அடைப்பு. சடையாண்டி உள்ளே இறங்கி, பூச்சி வராமல் இருக்க நொச்சித்தழை பரப்பினார். ஏறி வரும்போது வழுக்கிக் காலைச் சுளுக்கிக்கொண்டார். டாக்டரம்மா பையோடு ஓடிவந்து, ஏணி வைத்து உள்ளே இறங்கி, அவருக்குக் கட்டுப் போட்டு, மேலே ஏற்றி அனுப்பினார். தாம் ஏறலாம் என்று திரும்பியபோது ஏணியைக் காணவில்லை.

மேலே பொன்னுரங்கத்தின் தலை தெரிந்தது. "பொறுத்துக்குங்க டாக்டரம்மா," என்றார் அன்பாக. "முப்பது வருஷம்தான்."

மூடி விழுந்தது.

விதையில் கை வைப்பவன் வீட்டில் யாரும் பெண் எடுக்கக் கூடாது என்பது அசமந்தூரின் பழைய சட்டம். அது டாக்டருக்கும் பொருந்தும் என்று தலைவர் தண்டோரா போட்டார். தை மாதம் அவர் மகளுக்கே கல்யாணம் வைத்திருந்தார்கள். ஆனாலும் சட்டம் சட்டம்தான் என்று எல்லோரும் மெச்சிக்கொண்டார்கள்.

கொஞ்ச நேரத்தில் உள்ளிருந்து பசிக்கிறது என்று சத்தம் வந்தது. விதை சாப்பிடுமா என்று சபை மறுபடி கூடியது. சாப்பிடாது, ஆனால் உரம் போடலாம் என்றார் சடையாண்டி. விதைப்பதற்கு முன்னாலேயே போடலாமா என்று மயிலாத்தாள் கேட்க, முன்கூட்டிப் போட்டால் தப்பில்லை என்று தலைவர் முடிவு சொன்னார். துளை வழியாக இட்லியும் சட்னியும் உரமாகப் போயின.

காலையில் மயிலாத்தாள் மூடியைத் தூக்கி, நெல்லை அளக்கிற மாதிரியே மூங்கில் கழியை உள்ளே விடுவாள். கழி டாக்டரம்மாவின் தலையில் இடிக்கும். அந்த இடத்தில் கோடு போட்டு, "இருப்பு குறையலை," என்று அறிவிப்பாள். ஊர் நிம்மதியாகத் தும்மும்.

அப்போதுதான் பொன்னுரங்கத்துக்குக் கடைவாய்ப் பல் வலித்தது. கன்னம் கத்தரிக்காய் மாதிரி வீங்கியது. கிராம்பு வைத்தார், உப்பு வைத்தார், பல்லைத் திட்டியும் பார்த்தார். கடைசியில் கண்ணில் நீர் வழிய, குதிரடியில் வந்து நின்றார். டாக்டரை வெளியே எடுத்தால் மகள் கல்யாணம் நிற்கும். எடுக்காவிட்டால் உயிர் போகும் போலிருந்தது.

சபைதான் காப்பாற்றியது. டாக்டர் வெளியே வந்தால்தானே குற்றம், வாய் உள்ளே போனால் குற்றம் இல்லை என்று மயிலாத்தாள் கண்டுபிடித்தாள். தலைவர் மண்டிபோட்டுத் துளையில் வாயைப் பொருத்தினார். உள்ளிருந்து டாக்டரம்மா குறடு போட்டு இழுத்தார். பல் வந்துவிட்டது.

டாக்டரம்மா களைத்துப் போய் உட்கார்ந்தார். மயிலாத்தாள் கழியை விட்டாள். அது போய்க்கொண்டே இருந்தது.

"தலைவரே," என்றாள் மெதுவாக. "பாதி தீர்ந்துபோச்சு."

ஒரு பல்லுக்குப் பாதி டாக்டரைத் தின்றுவிட்ட மனிதரை ஊரே பார்த்தது. மாப்பிள்ளை வீட்டார் வெற்றிலைத் தட்டைத் திருப்பிக் கேட்டார்கள். பொன்னுரங்கம் துளையில் வாயை வைத்து அழுதார்.

நடந்ததை அந்த அழுகையிலிருந்தே டாக்டரம்மா புரிந்துகொண்டார். மூடியை அண்ணாந்து பார்த்தார். பிறகு, "இன்னும் நாலு பேரை அனுப்புங்க. நான் வைத்தியம் பார்க்கப் பார்க்க வளர்ற ஜாதி. ஆளுக்கு நாலு தேங்காய் ஃபீஸ், உரிச்சு உள்ளே தள்ளணும்," என்றார்.

முதலில் கட்டி வந்தவனை அனுப்பினார்கள். அவன் போனதும் டாக்டரம்மா எழுந்து நின்றார். கழி பழைய கோட்டிலேயே நின்றது. ஊர் கைதட்டியது. பிறகு கண்ணில் தூசி விழுந்தவள், காதில் பூச்சி போனவன், ஒன்றும் இல்லாமலே காட்டிவிட்டுப் போக வந்தவர்கள் என்று வரிசை நின்றது. தேங்காய்கள் உள்ளே போயின. டாக்டரம்மா துளைப் பக்கத்தை மட்டும் கடைசிக்கு வைத்து, அவற்றைக் காலடியில் அடுக்கி அடுக்கி மேலே ஏறினார். கழி நாளுக்கு நாள் உயரத்திலேயே நின்றது. வெற்றிலைத் தட்டு மறுபடி தலைவர் வீட்டுக்கு வந்தது.

ஒரு காலையில் மூடி தானாகவே தூக்கிக்கொண்டது. டாக்டரம்மா பையோடு வெளியே வந்து, ஏணியில் இறங்கி, யாரையும் பார்க்காமல் வீட்டுக்கு நடந்தார்.

"பொங்கி வழிஞ்சிடுச்சு," என்றார் சடையாண்டி, நெஞ்சில் கை வைத்து.

குதிர் நிறைந்துவிட்டது. மூடியை வைத்து, வெளியே 'டாக்டர்: முழு இருப்பு' என்று சுண்ணாம்பால் எழுதினார்கள்.

மறுநாள் டாக்டரம்மா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ஒருவரும் வரவில்லை. மூன்றாம் வீட்டுக்காரருக்கு இருமல். அவரும் தலையைக் குனிந்துகொண்டு தாண்டிப் போனார். அன்றைக்குப் பொன்னுரங்கத்துக்கு மறுபக்கக் கன்னம் வீங்கியிருந்தது. அவரும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு தாண்டிப் போனார்.

"தலைவரே, இப்படி உட்காருங்க. வாயைத் திறங்க, பார்க்கறேன்," என்று கூப்பிட்டார் டாக்டரம்மா.

"மன்னிக்கணும்மா," என்றார் அவர் மரியாதையாக. "நீங்க சிந்தினது. குதிருக்கு வெளிய சிந்தினது குருவிக்குத்தான். நாங்க எடுக்கக் கூடாது."

நேராகக் குதிருக்குப் போனார். வைக்கோல் அடைப்பைப் பிடுங்கிவிட்டு, மண்டிபோட்டு, துளையில் வாயைப் பொருத்திக் காத்திருந்தார். பின்னால் இருமல்காரர் வந்து வரிசையில் நின்றார். வெயில் ஏறியது. தலைவரின் முனகல் தெருமுனை வரை கேட்டது.

டாக்டரம்மா நாற்காலியில் இருந்தபடி அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து பையை எடுத்தார். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஏணியை எடுத்துக் குதிரில் சாய்த்து, ஏறி, மூடியைத் தள்ளி உள்ளே இறங்கினார். துளை அடியில், தேங்காய்களுக்குக் கீழே இருந்தது. அதனால் தேங்காய்களை ஒவ்வொன்றாக எடுத்து வெளியே எறிய ஆரம்பித்தார்.