மூடுபனிக்கு நீட்டிய மைக்

ஞானிகள் மலையுச்சியில் வசிக்கிறார்கள் என்று பலரும் நம்புகிறார்கள். இந்தப் பிழையை முதலிலேயே திருத்திவிட வேண்டும். இதனால் எத்தனையோ முழங்கால்கள் வீணாகியிருக்கின்றன.

உச்சியில் தண்ணீர் கிடையாது. அங்கே இருப்பவை காற்றும் ஒரு செல்போன் கோபுரமும்தான். ஞானிகள் உச்சிக்கு அரை மைல் கீழே, ஊற்றுக்குப் பக்கத்தில், பீன்ஸ் பயிரிட்டுக்கொண்டு இருக்கிறார்கள்.

செங்கமலமும் அப்படித்தான் இருந்தாள்.

அவளைத் தேடி வந்தவள் பியூலா, பாப் பாடகி. ஒரு காலத்தில் அவளைப் பார்த்து மூன்று மாவட்டத்துப் பெண்கள் நெற்றிமுடியை வெட்டிக்கொண்டார்கள். இப்போது வயது ஐம்பத்தெட்டு. கடைசி ஆல்பம் வந்து பத்தொன்பது வருடம் ஆகிறது.

செங்கமலத்துக்கு வயது நாற்பத்தொன்று. குரு சீடரைவிட மூத்தவராக இருக்க வேண்டும் என்று எந்த நூலிலும் எழுதியிருக்கவில்லை. தேடிப் பார்த்தாகிவிட்டது.

பியூலா உட்காரக்கூட இல்லை. மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டாள்.

"அம்மை, என் குரலை நானே திருடினா அது திருட்டா?"

செங்கமலம் பீன்ஸ் கொடியைக் குச்சியில் கட்டிக்கொண்டிருந்தாள்.

"யார்கிட்ட இருந்து திருடப் போறீங்க, அக்கா?"

"என்கிட்ட இருந்துதான்."

"அவங்க எங்க இருக்காங்க?"

கூட வந்திருந்த மேனேஜர் சிராஜ் முந்திக்கொண்டான். அவளுக்காகப் பதில் சொல்வது அவன் தொழில்.

"டேப்புல இருக்காங்க. முப்பத்தோரு வயசுல பாடினது."

பிறகு அவன் விவரமாகச் சொன்னான். புது ஆல்பத்தின் பெயர் 'மீண்டும் பியூலா'. மொத்தம் எட்டுப் பாட்டு. ஏழு முடிந்துவிட்டது. வெளியீட்டுக்கு இன்னும் இருபத்தொரு நாள். தேதி சொல்லியாகிவிட்டது, நகரம் முழுக்கப் பேனர் கட்டியாகிவிட்டது, மண்டபமும் பிடித்தாகிவிட்டது. ஆல்பத்துக்கே உயிரான எட்டாவது பாட்டில் ஒரு வரி மட்டும் பாக்கி. 'எங்கே போனாய் நீ' என்கிற மூன்றாவது வரி. அது சட்டென்று மேலே ஏறும்.

"அந்த இடத்துல மேடம் பாட மாட்டேங்கிறாங்க."

"பாட மாட்டேன்னா சொன்னேன்?" என்றாள் பியூலா. "பழக்கம் விடலை."

மேடையில் பாடும் எல்லாருக்கும் இருக்கும் பழக்கம்தான். பாட்டு உச்சத்துக்கு வரும்போது மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டுவது. கூட்டம் அந்த வரியை முழங்கும். பாடகி கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள். ஆனால் ஒலிப்பதிவுக் கூடத்தில் மைக் ஸ்டாண்டில் இருக்கிறது, எடுத்து நீட்ட முடியாது. பியூலா கண்ணை மூடினாள், முகத்தைத் திருப்பினாள், வெறுங்கையைச் சுவரின் பக்கம் நீட்டினாள்.

முதல் தடவை எல்லாரும் சிரித்தார்கள்.

பதினோராவது தடவை ஒருவரும் சிரிக்கவில்லை.

"ஒரே ஒரு வரி," என்றான் சிராஜ். "பழைய பாட்டுல இருக்கிற அவங்க குரலை வெச்சே கம்ப்யூட்டர்ல இந்த வரியைச் செஞ்சு ஒட்டிடலாம். இப்பதான் அதுக்கெல்லாம் வழி இருக்கே. யாருக்கும் தெரியாது."

"அக்காவுக்கு?"

"மேடத்துக்குத் தெரிஞ்சா என்ன? மேடம் நம்ம ஆளுதானே!"

செங்கமலம் இந்த வாதத்தை மரியாதையோடு கேட்டுக்கொண்டாள்.

"நாளைக்குக் காலையில ஸ்டூடியோவுக்குச் சொல்லணும். ஒட்டணுமா, இல்ல வெளியீட்டையே நிறுத்தணுமா?" சிராஜ் செல்போனை வானத்தை நோக்கித் தூக்கினான். "என்ன இது, டவரே இல்லையே!"

"உச்சியில கிடைக்கும்."

அவன் உச்சியை நோக்கி நடந்தான். ஞானம் வேண்டாதவர்களுக்கு உச்சி பயன்படத்தான் செய்கிறது.

"பாடுங்க அக்கா," என்றாள் செங்கமலம்.

"இங்கேயா?"

"பீன்ஸ் ஒண்ணும் சொல்லாது."

பியூலா பாடினாள். பல தடவை துவைத்த பருத்திப் புடவையைப் போல இருந்தது குரல். சாயம் போயிருந்தது. ஆனால் உடம்பில் படுவதற்கு இதமாக இருந்தது. முதல் வரி வந்தது. இரண்டாவது வரி வந்தது. மூன்றாவது வரியில் அவள் கண்கள் மூடின. கை தானாக நீண்டது. மூடிய கை செங்கமலத்தின் வாய்க்கு நேரே போய் நின்றது.

செங்கமலம் அதை உற்றுப் பார்த்தாள். பிறகு பணிவாகக் குனிந்தாள்.

"ஹலோ," என்றாள்.

பியூலா கண்ணைத் திறந்தாள்.

"என்ன சொல்லணும், அக்கா?"

"நீங்க பாடணும்."

"என்னத்தை?"

"அந்த வரியை."

"எனக்குத் தெரியாதே. பாட்டு இன்னும் வெளியவே வரலையே!"

பியூலாவின் கை அந்தரத்திலேயே நின்றது. அதை எங்கே வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. கடைசியில் புடவைத் தலைப்புக்குள் வைத்துக்கொண்டாள்.

செங்கமலம் அடுத்த கொடிக்குப் போனாள்.

"கூட்டம் பாடறப்ப நீங்க என்ன செய்வீங்க?"

"கேட்டுக்கிட்டு நிப்பேன்."

செங்கமலம் ஒரு கொடியைக் கட்டி முடித்தாள்.

"தண்ணி குடிப்பேன்," என்றாள் பியூலா.

இன்னொரு கொடி.

"எனக்கு அந்த உயரம் எட்டாது, அம்மை. முப்பத்தொன்பது வயசுலயே போயிடுச்சு. அன்னைக்கு மேடையில திடீர்னு வரலை. என்ன செய்யறதுன்னு தெரியாம மைக்கை நீட்டினேன். ஜனங்க பாடிட்டாங்க. அடுத்த ஊர்லயும் நீட்டினேன். பியூலாவோட பெருந்தன்மைன்னு பத்திரிகையில எழுதினாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நன்றின்னு சொன்னேன்."

செங்கமலம் சிரித்தாள். குருமார்கள் புன்னகைதான் செய்வார்கள் என்பதும் தவறு. இவள் குச்சியைப் பிடித்துக்கொண்டு, குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். பியூலாவுக்குக் கோபம் வந்தது. பிறகு அவளுக்கும் சிரிப்பு வந்தது. பிறகு கண்ணீர் வந்தது. எது எங்கே முடிந்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது.

"நான் என்ன செய்யட்டும், அம்மை?"

செங்கமலம் பள்ளத்தாக்கை எட்டிப் பார்த்தாள்.

"பனி ஏறுது. துணி எடுக்கணும்," என்றாள். வீட்டின் பின்பக்கம் போய்விட்டாள்.

இவ்வளவு தூரம் வந்ததற்கு இதுதான் பதிலா என்று பியூலா நினைத்தாள். அதற்குள் பனி வந்துவிட்டது.

முதலில் பள்ளத்தாக்கு மறைந்தது. பிறகு வேலி மறைந்தது. பீன்ஸ் குச்சிகள் ஒவ்வொன்றாகப் பின்வாங்கின. பிற்பகல் வெளிச்சம் பால் போலத் திரண்டு நின்றது. அவள் காலுக்கடியில் இருந்த மண் மட்டும் மிச்சம். அது மேடை அளவுக்குத்தான் இருந்தது.

அப்போது அவர்கள் வந்தார்கள்.

சத்தமே இல்லாமல் வந்தார்கள். முன்வரிசையில் நெற்றிமுடி வெட்டிய பெண்கள், பின்னால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தவர்கள், அதற்கும் பின்னால் மதில்மேல் உட்கார இடம் தேடுகிறவர்கள். எல்லாரும் வெள்ளையாக இருந்தார்கள். எல்லாருடைய முகமும் அவள் பக்கம்.

பியூலா பாடினாள். முதல் வரி, இரண்டாவது வரி. கையை நீட்டினாள்.

பனி அவள் கை வரைக்கும் வந்து நின்றது.

யாரும் பாடவில்லை. அவர்களுக்கு அவளுடைய எல்லாப் பாட்டும் தெரியும், இது ஒன்றைத் தவிர. அவர்கள் முகத்தில் குறை எதுவும் தெரியவில்லை. புது வீட்டுக்கு வந்த விருந்தாளிகள், செருப்பை எங்கே விடுவது என்று வீட்டுக்காரி சொல்லட்டும் என்று நிற்பார்களே, அப்படி நின்றார்கள்.

எவ்வளவு நேரம் நின்றார்கள் என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. பியூலாவின் கணக்கில் அது ஒரு முழுக் கச்சேரி. உச்சியில் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த சிராஜின் கணக்கில், பனி மொத்தமே ஆறு நிமிடம்தான் இருந்தது.

கை வலித்தது.

அவள் அதை மெல்லத் திருப்பினாள். தன் வாய்க்கு நேரே கொண்டுவந்தாள்.

எங்கே போனாய் நீ.

வரி மேலே ஏறவில்லை. இருட்டில் காலால் துழாவிப் படியிறங்குகிறவளைப் போலக் கீழே இறங்கியது. ஒரு படி, இன்னொரு படி. மேடையில் அவள் ஒருநாளும் எட்டிப் பார்த்திராத ஆழம் அது. ஈரமாகவும், கொஞ்சம் கரகரப்பாகவும், விசாலமாகவும் இருந்தது.

பனி கேட்டுக்கொண்டிருந்தது.

"அக்கா!" எங்கிருந்தோ செங்கமலத்தின் குரல் வந்தது. "உங்க பக்கத்துத் துணிக்கொடியில ஒரு நீலப் போர்வை கிடக்கும். அதையும் உருவிட்டு வாங்க."

சிராஜ் இறங்கி வந்தபோது பனி விலகியிருந்தது. பியூலா தோளில் ஈரப்போர்வையோடு நின்றாள்.

"மேடம், டவர் கிடைச்சிடுச்சு! ஸ்டூடியோவுல காலை வரைக்கும் பொறுக்க மாட்டாங்களாம், இப்பவே கேக்கறாங்க. ஒட்டச் சொல்லிடட்டுமா?"

"வேண்டாம்."

"அப்ப நிறுத்திடலாமா? பேனரெல்லாம் கட்டியாச்சே மேடம்!"

"புதன்கிழமை வர்றேன்னு சொல்லு. ஸ்டாண்டை மூணு அங்குலம் இறக்கி வைக்கச் சொல்லு."

"எதுக்கு?"

"கீழ பாடறப்ப எனக்குத் தலை குனியுது."

சிராஜுக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. புரிந்ததும் பதறினான்.

"கீழயா? மேடம், ஜனங்க அந்த வரியில நீங்க பறக்கணும்னு எதிர்பார்ப்பாங்க. வயசாயிடுச்சுன்னு சொல்வாங்க!"

"ஆயிடுச்சே சிராஜ்."

பதில் சொல்வதைத் தொழிலாகக் கொண்டவன் போர்வையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டான். இருவரும் அதைப் பிழிந்தார்கள்.

ஆல்பம் சொன்ன தேதியில் வெளிவந்தது. இரண்டாவது மாதம் திருச்சியில் கச்சேரி. எட்டாவது பாட்டின் மூன்றாவது வரியில் பியூலா மைக்கை நீட்டவில்லை, தானே பாடினாள். ஆனாலும் கூட்டம் கூடவே பாடியது. இத்தனை வருடமாக அந்த உயரத்துக்கு வர முடியாமல் அவளுடைய கச்சேரிகளில் வாயை மூடிக்கொண்டு நின்ற ஆண்களும் பாடினார்கள். பியூலாவின் குரல் கேட்பதற்காக, ஒலியமைப்பாளர் அவளுடைய மைக்கின் அளவை இரண்டு புள்ளி கூட்ட வேண்டியிருந்தது.