படி ஏறுகிறவர் சோறு கேட்கப் போனார்

சுகந்தி டீச்சரின் தியானக் கூடத்தில் அன்று எல்லாரும் கண்மூடி உட்கார்ந்திருந்தார்கள். குழந்தைவேலு மட்டும் சட்டைப்பையில் இருந்த போனைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். அது அதிரும்போது நெஞ்சு துள்ளியது. அதிராதபோது இன்னும் மோசமாக இருந்தது.

கூடம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். கோவையில் ஒரு டயர் கடையின் மாடி, நாலு ஜமுக்காளம், ஒரு மின்விசிறி. டீச்சருக்கு முப்பத்தெட்டு வயது. முன்பு பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்தியவர், அதனால் டீச்சர் என்ற பேர் நின்றுவிட்டது. குழந்தைவேலுவுக்கு ஐம்பத்திரண்டு. பம்ப்செட் கம்பெனி ஒன்றில் உதவி மேலாளர். தன்னைவிடப் பதினாலு வயது சின்னவரைக் குருவாக ஏற்றுக்கொண்டதில் அவருக்குக் கூச்சம் ஏதும் இல்லை.

மணி அடித்ததும் முதல் ஆளாக எழுந்து டீச்சர் முன்னால் போய் நின்றார்.

"டீச்சர், ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்கண்ணா."

"நல்ல காரியத்துக்குக் கூப்பிட்டா ஜனங்க ஏன் வர மாட்டேங்கறாங்க?"

விஷயம் இதுதான். ஊர் எல்லையில் ஓர் இல்லம் இருக்கிறது. டாக்டர்கள் கைவிட்டவர்களைக் கடைசிவரை வைத்துப் பார்த்துக்கொள்ளும் இடம். கட்டில்கள் எல்லாம் மாடியில். லிஃப்ட் கிடையாது. லிஃப்டுக்குப் பாதிச் செலவை ஒரு மில் முதலாளி ஏற்றுக்கொண்டார். ஆனால் மீதி இந்த மாதத்துக்குள் சேர்ந்தால்தான் தன் பாதியும் என்று சொல்லிவிட்டார். குழந்தைவேலு தாமாகப் போய் அந்த மீதிக்குப் பொறுப்பேற்றுக்கொண்டார். இருபத்தோரு நாள், தினமும் ஆபீஸ் கட்டடத்தின் ஏழு மாடியையும் பத்து முறை படியேறுவது என்று சவால். அதைப் பார்த்து நண்பர்களும் கூட வேலை செய்கிறவர்களும் இல்லத்துக்குக் கொடுக்க வேண்டும். இன்றோடு பதினேழு நாள் ஆகிவிட்டது.

"எல்லா குரூப்புலயும் போடறேன் டீச்சர். பாருங்க."

போனை நீட்டினார். பச்சைப் பனியன் போட்டுக்கொண்டு, கட்டைவிரலை உயர்த்தியபடி, படிக்கட்டில் ஒரு காலை வைத்து நின்றார் குழந்தைவேலு. தலைக்கு மேல் ‘ஏறுவோம்! மாற்றுவோம்!’ என்று மின்னியது. தங்கை மகன் செய்து கொடுத்த போஸ்டர். பதினேழு நாளுக்குப் பதினேழு போஸ்டர்.

"என்ன சொல்றாங்க?"

"கும்பிடு போடறாங்க. கை தட்டறாங்க. எங்க ஜி.எம். ‘நல்லா இளைச்சிருக்கீங்க, சுகர் கண்ட்ரோல் ஆச்சா’ன்னு கேக்கறாரு. எனக்கு சுகரே இல்லீங்க!"

"யாராச்சும் குடுத்தாங்களா?"

"என் மச்சினன் குடுத்தாரு. அப்புறம் நான் குடுத்தேன்."

டீச்சர் சிரிக்கவில்லை. நானாக இருந்தால் சிரித்திருப்பேன்.

"காலு ரெண்டும் வீங்கிக் கெடக்குது டீச்சர். இன்னும் நாலே நாளு. அது மட்டும் நடக்காம போச்சுன்னா..." வாக்கியத்தை முடிக்காமல் மறுபடி போனைப் பார்த்தார். புதிதாக ஒன்றும் வரவில்லை. "எப்படிக் கேட்டா குடுப்பாங்க? அதை மட்டும் சொல்லுங்க."

டீச்சர் மூலையில் இருந்த பாத்திரத்தை, கைப்பிடி வைத்த தூக்குப்போசியை, எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

அந்தக் கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை மதியம் அங்கே அடுப்பு கிடையாது. யாராவது இரண்டு பேர் தெருவில் இறங்கி, வீட்டு வாசலில் நின்று சோறு கேட்க வேண்டும். கிடைத்ததைக் கொண்டுவந்து கலந்து எல்லாரும் சாப்பிடுவார்கள். குழந்தைவேலு பதினோரு மாதமாக வருகிறார். அவர் முறை வரும் ஞாயிறெல்லாம் அவருக்கு அவசரமாக ஒரு போன் வந்துவிடும். இல்லாவிட்டால் ஹோட்டலில் இருபது பொட்டலம் வாங்கிக்கொண்டு வந்து நிற்பார். டீச்சர் ஒன்றும் சொன்னதில்லை.

"இன்னிக்கு நீங்களும் நானும் போறோம்" என்றார்.

"டீச்சர், நான் கேட்டது..."

"பசிக்குதுங்கண்ணா. வாங்க."

வெயில் தெருவை வறுத்துக்கொண்டிருந்தது. முதல் வீட்டில் கோலத்தை மிதிக்காமல் ஓரமாக நின்று குழந்தைவேலு தொண்டையைச் செருமினார். ஓர் அம்மா வந்து எட்டிப் பார்த்தார்.

"வணக்கம்ங்க. நாங்க பக்கத்துத் தெருவுல தியானக் கூடம் வெச்சிருக்கோம். வாராவாரம் ஞாயித்துக்கிழமை, மனசு பக்குவப்படறதுக்காக, சமுதாயத்தோட பங்களிப்போட..."

"வீட்டுல யாரும் இல்லீங்க" என்று சொல்லிவிட்டு அந்த அம்மா கதவைச் சாத்திக்கொண்டார்.

இரண்டாவது வீட்டில் பனியனும் லுங்கியுமாக ஒருவர் வந்தார். குழந்தைவேலு இந்த முறை உஷாராக போனை எடுத்துவிட்டார். கூடத்தின் படம், எல்லாரும் கண்மூடி உட்கார்ந்திருக்கும் படம், தான் முன்வரிசையில் இருக்கும் படம். லுங்கிக்காரர் பொறுமையாக எல்லாவற்றையும் தள்ளித் தள்ளிப் பார்த்தார்.

"ரொம்ப நல்ல காரியம்ங்க. வாழ்த்துகள்" என்றார். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உள்ளே போனார்.

போசி காலியாகவே இருந்தது. குழந்தைவேலுவுக்கு முகம் சிவந்துவிட்டது. இரண்டு முறை மூடியைத் திறந்து பார்த்து மூடினார், தானாக ஏதாவது விழுந்திருக்கும் என்பதுபோல.

மூன்றாவது வீட்டில் டீச்சர் முன்னால் போனார்.

"அக்கா, பசிக்குது. சோறு இருந்தா போடுங்க."

அவ்வளவுதான் சொன்னார். உள்ளேயிருந்து வந்த பெண் டீச்சரை ஒரு நிமிஷம் பார்த்தார். உள்ளே போய் ஒரு கிண்ணம் நிறையக் கொண்டுவந்து போசியில் கொட்டினார்.

"கொள்ளு ரசம் இருக்குது. ஊத்தட்டுங்களா?"

"ஊத்துங்கக்கா."

"ஆளு ரெண்டு பேரா? இருங்க, இன்னும் கொஞ்சம் எடுத்தாறேன்."

தெருவில் இறங்கியதும் டீச்சர் போசியைக் குழந்தைவேலுவிடம் கொடுத்தார். "அடுத்த வீடு உங்களுது."

அடுத்த வீட்டில் கதவு திறந்தே கிடந்தது. தாளித்த வாசம் வாசல்வரை வந்தது. காலையில் படியேறிவிட்டு வெறும் காபியோடு வந்தவருக்கு வயிறு நிஜமாகவே கத்தியது. அவர் படியருகே நின்றார். வாயைத் திறந்தார். மூடினார். இடது காலிலிருந்து வலது காலுக்கு மாறினார். பசிக்கிறது என்பது அப்படி ஒன்றும் கடினமான சொல் இல்லை, பிறந்த பிள்ளைகூட அழுது சொல்லிவிடும்.

பெரியவர் ஒருவர் வெளியே வந்தார். "யாருங்க? என்ன வேணும்?"

"ஒண்ணும் வேண்டாமுங்க" என்றார் குழந்தைவேலு. "சும்மா நின்னேன்."

விறுவிறுவென்று தெருமுனைவரை நடந்துவிட்டார். டீச்சர் பின்னால் மெதுவாக வந்தார். முனையில் பூட்டியிருந்த தையல் கடைப் படியில் போசியை நங்கென்று வைத்தார் குழந்தைவேலு.

"எனக்கு இது வராதுங்க டீச்சர். எங்க குடும்பத்துல யாரும் கையேந்தினதில்ல. ஏறச் சொல்லுங்க, நூறு மாடி வேணாலும் ஏறறேன். இப்படி நிக்கச் சொல்லாதீங்க!"

போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தார். யாரோ ஒரு கைதட்டலை அனுப்பியிருந்தார்கள்.

டீச்சர் படியில் உட்கார்ந்து, பக்கத்தில் இடம்விட்டார். அவர் உட்காரவில்லை.

"அந்த இல்லம் உங்களுக்கு எப்படிங்கண்ணா தெரியும்?"

குழந்தைவேலு எதிரே ஓடிக்கொண்டிருந்த பஸ்களைப் பார்த்தார்.

"மரகதம் அங்கதான் இருந்தா. என் சம்சாரம். கடைசி ஒம்பது நாளு."

குழந்தைவேலு கூடத்துக்கு முதல்நாள் வந்தபோது, பி.பி.க்கு நல்லது என்று டாக்டர் அனுப்பியதாகத்தான் சொல்லியிருந்தார்.

"நடக்க முடியல அவளுக்கு. பிளாஸ்டிக் சேர்ல உக்கார வெச்சு நாலு பேரு தூக்கினோம். குறுகலான படி. திருப்பத்துல சேரு சாஞ்சு, அவ தோளு சுவத்துல இடிச்சிருச்சு. எலும்புதான் டீச்சர், அப்ப அவ எலும்பு மட்டும்தான். ஐயோன்னுகூட சொல்லல. என்னையப் பாத்து, ‘கை வலிக்குதுங்களா?’ன்னு கேட்டா."

இப்போது அவர் உட்கார்ந்துவிட்டார். டீச்சர் கேட்டார்.

"ஆபீஸ்ல இது யாருக்குத் தெரியும்?"

"அவ போனது தெரியும். இது தெரியாது. இதைப் போயி யாருகிட்டச் சொல்றது?"

"அப்ப யாரும் வீட்டுக்கு வரலீங்களா?"

"வந்தாங்க. ஸ்டோர்ஸ்ல ஸ்டெல்லான்னு ஒருத்தங்க. துக்க வீட்டுல அடுப்பு எரியாதேன்னு, மூணு நாளும் கேரியர்ல சாப்பாடு எடுத்துக்கிட்டு ரெண்டு பஸ் மாறி வந்தாங்க. ஹோட்டல்ல சொல்லியாச்சுங்கன்னு வாசல்லயே திருப்பி அனுப்பிட்டேன்."

"ஹோட்டல்ல சொல்லியிருந்தீங்களா?"

"இல்லீங்க." குழந்தைவேலு தலையைக் குனிந்துகொண்டார். "மூணு நாளும் பன்னைத் தண்ணியில தொட்டுத் தின்னேன்."

போசியின் மூடி ஓரமாக ரசம் கசிந்து படியில் சொட்டியது. அவர் அதைக் கைக்குட்டையால் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தார்.

"இதையெல்லாம் போஸ்டர்ல போட முடியுமுங்களா?"

"போஸ்டர் வேண்டாமுங்க. நாளைக்குக் காலையில ஏறறதுக்கு முன்னால அந்த ஸ்டெல்லாம்மா டேபிளுக்குப் போங்க. எங்கிட்டச் சொன்ன மாதிரியே அவங்ககிட்டச் சொல்லுங்க. அந்தப் படிக்கு லிஃப்ட் வேணும்னு கேளுங்க."

"சொல்ல ஆரம்பிச்சாலே அழுதுருவேன் டீச்சர். ஆபீஸ்ல, அத்தன பேரு நடுவுல, உதவி மேலாளரு அழுதா நல்லாவா இருக்கும்? அப்புறம் என்னத்தப் பண்றது?"

டீச்சர் எழுந்து போசியைத் தூக்கிக்கொண்டார்.

"அழுதா, அந்தம்மா எந்திரிச்சுப் போயி ஒரு டம்ளர் தண்ணி கொண்டாருவாங்க" என்றார். "இந்தத் தடவை அதை வாங்கிக் குடிங்க."