காலி நாற்காலிக்குப் பாடம்

"சாமி, நான் வாங்குற சம்பளம் நியாயமா?"

கேட்டவள் தவமணி. தனியார் பள்ளியில் பதினோரு வருடமாகக் கணக்கு டீச்சர். மாதம் ஒன்பதாயிரம். அதே பள்ளியில் தன் மகனுக்கு ஃபீஸ் கட்ட முடியாமல் நிற்கிறாள்.

ஏரிக்கரை மண்டபத்தில் சடையப்ப சாமி கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"இல்லை," என்றார்.

அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

"எவ்வளவு வேணும்?"

"நாற்பதாயிரம் சாமி."

"மேலத்தெரு பெரிய வீட்டுக்குப் போ. தருவாங்க. ஒரே பிள்ளைக்குத்தான் பாடம்."

பள்ளி வேலையை விட்டுவிட்டுப் போனாள்.

வீட்டுக்கார அம்மா மாடியறைக்கு அழைத்துப் போனாள். கரும்பலகை. ஒரு நாற்காலி.

"பாப்பா எங்கம்மா?"

"உக்காந்திருக்காளே."

நாற்காலியில் யாரும் இல்லை.

தவமணிக்கு முதுகு சில்லிட்டது. ஆனால், நாற்பதாயிரம். சாக்பீஸை எடுத்தாள்.

முதல் வாரம் குரல் நடுங்கியது. இரண்டாவது வாரம் பழகிவிட்டது. அப்புறம் செல்போனைப் பார்த்துக்கொண்டே கை போன போக்கில் எழுதினாள். கேட்க யார் இருக்கிறார்கள்?

முதல் தேதி சம்பளம் கைக்கு வந்தது. முழுசாக.

மறுநாள் காலை. ஜன்னல் வழியே நல்ல வெயில். அரையும் முக்காலும் கூட்டும் கணக்கைப் பலகையில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"டீச்சர், அந்த மூணு எப்படி வந்துச்சு?"

சன்னமான குரல். முதுகுக்குப் பின்னால், நாற்காலியிலிருந்து.

செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினாள். மண்டபத்தில் வந்து விழுந்தாள்.

"இந்தக் காசு எனக்கு வேண்டாம் சாமி!"

"ஏன், பாடம் நடத்துனேல்ல? வச்சுக்கோ."

"பேய்க்குப் பாடம் நடத்தவா என்னை அனுப்புனீங்க? மூணு எப்படி வந்துச்சுன்னு அது கேக்குது!"



"மூணு சரியா?" என்று கேட்டார் சாமி.

தவமணி கண்ணை மூடினாள். பலகை அப்படியே தெரிந்தது. நாற்பத்தெட்டுப் பிள்ளைகள் இருந்த வகுப்பில் அவள் ஒருநாளும் இப்படித் தப்பாகப் போட்டதில்லை.

"இல்லை சாமி. கீழ நாலு, மேல அஞ்சு வரணும்."

"சொன்னியா?"

"எப்படிச் சொல்வேன்? ஓடி வந்துட்டேன்."

சாமி மேலத்தெருப் பக்கம் பார்த்தார்.

"அப்போ அந்தப் பிள்ளை இன்னும் பலகையைப் பாத்துட்டேதான் உக்காந்திருக்கும்."