உறுமிக்கு ஓர் இலுப்பை மரம்

சடையன் என்ற கிழட்டுக் கரடிக்கு ஒரு குகையும் ஓர் இலுப்பை மரமும் சொந்தம். பிள்ளைகள் இரண்டு. மகள் இருளாயி தன் இரண்டு குட்டிகளோடு அப்பனையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டது. மகன் உறுமிக்குத் தெரிந்தது இரண்டே வேலை. சண்டை போடுவது, இலுப்பைப் பூ தின்பது.

அந்தக் காட்டில் உயில் எழுதுவது மரங்கொத்தி. பட்டையில் கொத்தி எழுதும். சாட்சிக்கு எப்போதும் ஆமைகள்தான். மற்ற மிருகங்கள் சாட்சி சொல்வதற்குள் செத்துப்போகின்றன, என்ன செய்வது?

"எழுது!" என்றது சடையன். "குகையும் மரமும் இருளாயிக்கு. உறுமிக்கு ஒன்றுமில்லை. உயிலை எதிர்த்து வழக்குப் போட்டால், அப்போதும் ஒன்றுமில்லை!"

மரங்கொத்தி சிரித்தே விட்டது.

"போடாவிட்டாலும் ஒன்றுமில்லை, போட்டாலும் ஒன்றுமில்லை. அப்புறம் ஏன் பெரியவரே அவன் சும்மா இருப்பான்?"

சடையன் குகையைத் திரும்பிப் பார்த்தது. குகை மேல் வழக்கு வந்தால், தீர்ப்பு வரும்வரை யானை வந்து வாசலை அடைத்து உட்கார்ந்துகொள்ளும். அதுதான் அந்தக் காட்டுச் சட்டம். போன வழக்கு மூன்று மழைக்காலம் ஓடியது. இருளாயியின் குட்டிகள் அத்தனை மழையிலும் எங்கே படுக்கும்?

"இப்ப என்னதான் பண்ணச் சொல்றே?"

"மரத்தை உறுமிக்குக் கொடுங்க. எதிர்த்தால் மரமும் இருளாயிக்குன்னு எழுதிடறேன்."

"என் இலுப்பையா? அந்தத் தடியனுக்கா? வேற ஏதாவது காய்ஞ்ச புதரைக் கொடுத்தா ஆகாதா?"

"புதர் போனா அவன் அழுவானா?"

சடையன் பல்லைக் கடித்துக்கொண்டு சம்மதித்தது. ஆமைகள் நகம் பதித்தன. மாசி முடிவதற்குள் சடையன் இறந்துபோனது.

உயிலை மரங்கொத்தி படித்தது. உறுமி காடே அதிரக் கத்தியது. "குகை எனக்கில்லையா? விட மாட்டேன்!"

நரிக்கு வாயெல்லாம் பல். "வழக்குப் போடுங்கண்ணே! நான் வாதாடுறேன்!"

"தோத்துட்டா?"

"மரம் போயிடும். போனாப் போகுது, விடுங்கண்ணே!"

பங்குனி மாதம். மரத்தடி முழுக்கப் பூ. உறுமி வாய் நிறைய அள்ளிப் போட்டுக்கொண்டது.

"போனாப் போகுதா? உன் அப்பன் வீட்டு மரமாடா? ஓடுறா!"

நரி ஓடியது. உறுமி மென்றுகொண்டே முனகியது. ஆனால் வழக்குப் போடவில்லை. மழை வந்தது. இருளாயியின் குட்டிகள் குகைக்குள் காலை நீட்டித் தூங்கின.

இழக்க ஒன்றுமில்லாதவனிடம் எந்த மிரட்டலும் எடுபடாது. அவன் விடமுடியாத ஒன்றை அவன் கையில் கொடுத்துவிட்டு அப்புறம் நிபந்தனை போடு.