ஆந்தையின் நாள்

அந்த நகரத்துப் பொது நூலகத்தில் ஒரு பறவைப் புத்தகம் இருந்தது. ஒரு பக்கம் புரட்டினால் அடுத்த தெருவில் காயும் வேட்டி பறக்கும், அவ்வளவு பெரிது. நம்பாதவர்கள், வேட்டியைப் பறிகொடுத்தவனைக் கேட்டுக்கொள்ளலாம்.

எல்லாம் கையால் வண்ணம் தீட்டிய படங்கள். வெளிச்சம் வண்ணத்தைக் குடித்துவிடும். அதனால் காப்பாளர் ஆதிமூலம், கண்ணாடிப் பெட்டியில் நாளுக்கு ஒரு பக்கம்தான் திறந்து வைப்பார். ஒரு நாள் வெளிச்சம் கண்ட பறவை, தன் முறை மறுபடி வரும்வரை இருட்டில் உறங்க வேண்டும்.

அவரிடம் தொழில் கற்க வந்தவள் இசக்கியம்மை. பேரன் எடுத்த பிறகு சீடப்பிள்ளை ஆனவள்.

அன்று காலை வாசலில் மீன்காரிகளும் வண்டிக்காரர்களும் அன்றைய பறவையைப் பார்க்க வரிசையில் நின்றார்கள். திவான் வந்தார். வரிசையை ஒதுக்கிவிட்டு நேரே பெட்டியருகே போனார்.

“மயிலைத் திற.”

“இன்னைக்கு ஆந்தை நாளுங்க” என்றார் ஆதிமூலம்.

“இன்றைக்கு இங்கே வரும் மகாராஜா ஆந்தை முகத்திலா விழிப்பார்? இனிமேல் இந்தப் பெட்டியில் என்றைக்கும் மயில்தான். உத்தரவு.”

“என்னைக்கும் திறந்து வெச்சா, ஆடி மாசம் முடியறதுக்குள்ள மயில் வெளுத்துக் கொக்காயிடும். மகாராஜாவுக்குக் கொக்கு பிடிக்குங்களா?”

வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். திவானின் மீசை துடித்தது.

“உன் வேலை போயிற்று. சாவியை அவளிடம் கொடு.”

ஆதிமூலம் சாவியை இசக்கியம்மையிடம் கொடுத்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே நடந்தார்.

திவான் இசக்கியம்மை பக்கம் திரும்பினார். “இனி நீதான் காப்பாளர். மயிலைத் திற. மாட்டேன் என்றால் நீயும் அவன் பின்னாலேயே போகலாம்.”

இசக்கியம்மை வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

“ஐயா, போயிடாதீங்க! ஒரு பக்கம்தானே? திறந்துட்டா என்ன? நான் இப்ப என்ன செய்ய?”

ஆதிமூலம் எங்கும் போயிருக்கவில்லை. வரிசையின் கடைசியில், ஒரு மீன்காரிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். அதுவரை அவளை ‘ஏ இசக்கி’ என்று மட்டுமே அழைத்த மனிதர், துண்டை இடுப்பில் கட்டி, எட்டிப் பார்த்து, பணிவாகக் கேட்டார்.

“இன்னைக்கு என்ன பறவைங்க, அம்மா?”

இசக்கியம்மை சாவியை இடுப்பில் செருகினாள்.

“ஆந்தை” என்றாள், வாசல்வரை கேட்கும்படி.