ராணியின் அறையில் ராஜா ஆடிய ஆட்டம்

கடல் தண்ணீர் இவ்வளவு உப்புக் கரிக்காத காலத்திலே, தாழைநாட்டை மகரகேது என்றொரு ராஜா ஆண்டுவந்தார். தங்கமான மனுஷர். ஆனால் நினைத்தால் நினைத்ததுதான். காலையில் யானைக்குப் பட்டம் கட்டுவார். சாயங்காலம், சபையில் தும்மிவிட்டது என்று அதைப் பிடுங்கிக்கொள்வார்.

ராணி கோமளவல்லி மேல் அவருக்கு உயிர். கல்யாணமாகி வந்த புதிதில் ராணி தன் அறையில் தனியாக ஆடுவாள். தாய்வீட்டில் கற்ற ஆட்டம். ஒருநாள் ராஜா கதவோரம் நின்று பார்த்துவிட்டார். அவள் வெட்கப்பட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கு ஒரு தந்த மயிலைப் பரிசாகக் கொடுத்தார் ராஜா. வினை அங்கேதான் ஆரம்பித்தது. அதற்கப்புறம் அவள் சிரிக்கும்போதெல்லாம் ஒரு பரிசு!

அரண்மனைச் சாமான்களுக்கெல்லாம் பொறுப்பு, அலங்கார அதிகாரி அட்சயலிங்கம். ராஜா ஒன்று கேட்டால் அவர் ஜோடியாகக் கொண்டுவந்து இறக்குவார். வெண்கல யாளி, ஆளுயரக் கண்ணாடி, சந்தன ஊஞ்சல்... கடைசியில் அந்த அறைக்குள் போன பூனை வழி தெரியாமல் உள்ளேயே குட்டி போட்டுக் குடித்தனம் நடத்தியது.

எடுத்து வெளியே வைத்தால் என்ன என்பீர்கள். முடியாது. ராஜா கொடுத்த பரிசை, ராஜாவே சொன்னாலொழிய யாரும் நகர்த்தக் கூடாது. அது தாழைநாட்டு வழக்கம். 'இது வேண்டாம்' என்பது ராஜாவே வேண்டாம் என்பதற்குச் சமம்.

ராணிக்குக் கால் வைக்க இடமில்லை, ஆட்டத்தை விட்டாள். அடுத்த பரிசு வந்துவிடுமோ என்று பயந்து சிரிப்பையும் விட்டாள். ராஜா பதறிப்போய்ப் பரிசுகளை இரட்டிப்பாக்கினார். ஒருநாள் ராணி, "தாய்வீட்டுக்குப் போய் வருகிறேன்" என்றாள். அதில் 'வருகிறேன்' மட்டும் ராஜா காதில் சரியாக விழவில்லை.

சபையில் ராஜா தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "அவள் ஏன் போகிறாள்? என்ன குறை வைத்தேன்?"

"வடமேற்கு மூலையில் ஒரு முழம் இடம் சும்மா கிடக்கிறது மகாராஜா! அங்கே ஒரு வெள்ளித் தேர்..." என்று ஆரம்பித்தார் அட்சயலிங்கம்.

மந்திரி மாசிலாமணி தொண்டையைக் கனைத்தார். "தேர் வேண்டாம். எதுவும் வாங்காமலே நாளைக்கு ராணியம்மாவைச் சிரிக்க வைக்கிறேன்."

மந்திரியைக் கண்டாலே அட்சயலிங்கத்துக்கு வயிறு எரியும். "சிரிக்காவிட்டால் உம்ம முத்திரை மோதிரம் எனக்கு. சம்மதமா?"

"சம்மதம். ஆனால் மகாராஜா அந்த அறையில் கொஞ்சம் ஆட வேண்டும்."

ராஜா சிம்மாசனத்திலிருந்து எழுந்தேவிட்டார்.

"செங்கோல் பிடித்த நான் ஆடுவதா?"

"செங்கோலை ஓரமாக வைத்துவிட்டு ஆடலாம் மகாராஜா. நாமெல்லாம் நின்று கண்ணால் அறையைப் பார்க்கிறோம். ஆடுகிறவர் முழங்கையால் பார்க்கிறார். அறையின் குறை அவருக்குத்தான் தெரியும். ஆட்டத்துக்குக் குறுக்கே எது வந்தாலும் வெளியே போக வேண்டும். அதற்கு மட்டும் ஓர் ஆணை போடுங்கள்."

"குறுக்கே எதுவும் வராது! ஒவ்வொன்றையும் நானே அளந்து வைத்திருக்கிறேன்" என்று மார் தட்டினார் அட்சயலிங்கம்.

"அப்படியென்றால் ஆணை!" என்றார் ராஜா.

மறுநாள் ராணி, கட்டி வைத்த மூட்டையோடு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். ராஜா வேட்டியை வரிந்து கட்டினார். மந்திரி தாளம் போட்டார்.

'தை' என்று கையை நீட்டினார் ராஜா. கை தந்த மயிலின் அலகில் இடித்தது.

"வெளியே!" என்றார் மந்திரி.

'தா' என்று காலைத் தூக்கினார். யாளியின் வாய்க்குள் கால் மாட்டிக்கொண்டது. "அய்யோ அம்மா!"

"வெளியே!"

சுழன்றார். கிரீடம் ஊஞ்சல் சங்கிலியில் தொங்கியது. ஊஞ்சலும் வெளியே. இப்படியே ஒவ்வொன்றாகப் போயின. ராணி முதலில் கண்ணைப் பொத்தினாள். பிறகு வாயைப் பொத்தினாள். அட்சயலிங்கத்துக்கு மனசு தாங்கவில்லை. "மகாராஜா, அந்தக் கண்ணாடி..." என்று கையை விரித்துக்கொண்டு ஓடிவந்தார். ராஜாவின் முழங்கை அவர் தொந்தியில் பதிந்தது.

மந்திரி தாளத்தை நிறுத்தினார். "ஆணை... எது வந்தாலும் என்றுதானே மகாராஜா?"

"வெளியே!" என்றார் ராஜா.

காவலர்கள் அட்சயலிங்கத்தைக் குண்டுக்கட்டாகத் தூக்கிப்போய் யாளிக்குப் பக்கத்தில் வைத்தார்கள். அவ்வளவுதான், ராணி வாய்விட்டுச் சிரித்துவிட்டாள்.

"சிரித்துவிட்டாள்! யாரங்கே, கொண்டு வா..." என்று கையை உயர்த்திய ராஜா அப்படியே நின்றார். காலடியில் சிவப்புத் தரை. நடுவில், தரையிலேயே பதித்த, அவர் மறந்தே போன தாமரைக் கோலம். அதன் இதழ்கள் ராணியின் பாதம் பட்டுத் தேய்ந்திருந்தன.

"இதன் மேலேயா இவ்வளவையும் கொட்டினேன்?" ராஜா ராணியிடம் திரும்பினார். "கோமளா, உனக்கு என்னதான் வேண்டும்?"

"இதுதான்" என்று தரையைக் காட்டினாள்.

"வெறும் இடமா?"

"வெறும் இடமில்லை. ஆட்டத்தில் கையை நீட்டிவிட்டு ஒரு கணம் அசையாமல் நிற்போம். பார்க்கிறவர் மனசு அங்கேதான் வந்து உட்காரும். அறையிலும் அப்படி ஓர் இடம் வேண்டாமா?"

ராஜா குனிந்து அவள் மூட்டையைத் தானே அவிழ்த்தார். பிறகு திரும்பி, "மந்திரி, உமக்கு என்ன பரிசு?" என்றார்.

"மகாராஜா, என் வீடு ரொம்பச் சின்னது!" என்று மாசிலாமணி கையெடுத்துக் கும்பிட்டார்.

வெளியே போன சாமான்கள் அத்தனையும் அட்சயலிங்கம் வீட்டுக்கு ராஜாவின் பரிசாகப் போயின. ராஜா கொடுத்த பரிசாயிற்றே, நகர்த்த முடியுமா? சாகும்வரை அவர் தன் வீட்டில் பக்கவாட்டில்தான் நடந்தார்.

ராணி அந்த அறையில் இரண்டே இரண்டு பொருளைத்தான் வைத்தாள். சுழன்று முடிக்கையில் தன் கண் போய் நிற்கும் மூலையில் ஒரு விளக்கு. முதன்முதலாக ராஜா நின்று பார்த்த கதவோரத்தில் ஒரு கோரைப்பாய். அதில் உட்கார்ந்துதான் ராஜா தினமும் அவள் ஆட்டத்தைப் பார்ப்பார். அவள் சிரித்தால் பரிசு கொடுக்கக் கை துறுதுறுக்கும். உடனே இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்து அமுக்கிக்கொள்வார்.